மாத்திரையா, பேச்சா? – உண்ணல் கோளாறுகளுக்கான சிகிச்சையின் வரலாறு

தனி ஊசலின் அலைவு நேரம் எதைப் பொறுத்தது? இச்சோதனையைப் பள்ளியிலோ கல்லூரியிலோ நீங்கள் செய்திருப்பீர்கள். நூலின் நீளத்தை மாற்றிப் பார்க்கும்போது குண்டை மாற்றக் கூடாது. குண்டை மாற்றிப் பார்க்கும்போது நூலின் நீளத்தைத் தொடக் கூடாது. இரண்டையும் ஒருசேர மாற்றிவிட்டால், கிடைத்த விடைக்கு எது காரணம் என்று சொல்ல இயலாது. முதலாண்டு மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் சொல்லும் முதல் பாடம் இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் இதே செய்முறை வகுப்பில் ஒரு மாணவி மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்தோம். "காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டு வரக் கூடாதா, அம்மா?" என்று நான் கடிந்துகொண்டேன். ஓராண்டுக்குப் பின் அவரே என்னிடம் வந்து, உணவு தொடர்பான மனநோய் ஒன்றுக்குத் தாம் சிகிச்சை பெற்று வருவதாகக் கூறினார். கூறிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டார்: "மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சார். பிறகு எதற்கு வாரந்தோறும் வந்து பேசவும் வேண்டும் என்கிறார்கள்? மாத்திரை வேலை செய்தால் பேச்சு எதற்கு? பேச்சு வேலை செய்தால் மாத்திரை எதற்கு?"

அன்று என்னிடம் விடை இல்லை. நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஊசலைப் பற்றி நான் வகுப்பில் கேட்கும் அதே கேள்வியைத்தான் அவர் தம் உடலைப் பற்றிக் கேட்டார் என்பது பின்னரே எனக்கு உறைத்தது. மருத்துவ உலகம் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றைப் படித்தேன். படித்தறிந்தவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் பெறும் முன்பே இருந்த நோய்

உணவு, உடல் எடை, உடல் தோற்றம் ஆகியவற்றைப் பற்றிய அச்சமும் எண்ணமும் ஒருவரை முற்றிலும் ஆட்கொண்டு, அவரது உண்ணும் பழக்கத்தையே சீர்குலைக்கும் நோய்களுக்கு உண்ணல் கோளாறுகள் என்று பெயர். இவற்றில் முதன்மையானவை இரண்டு. உணவைக் கடுமையாகக் குறைத்து உடல் மெலிந்துகொண்டே போவது அனோரெக்சியா நெர்வோசா. கட்டுப்பாடின்றி மிகுதியாக உண்பதும், பிறகு அதனை வாந்தி முதலிய வழிகளால் ஈடுசெய்ய முயல்வதும் மாறி மாறி வருவது புலிமியா நெர்வோசா. இரண்டிலும், எடை கூடிவிடுமோ என்ற அச்சமே அடியில் கிடக்கிறது. பெண்களிடம் மிகுதியாகக் காணப்பட்டாலும் இவை ஆண்களையும் விட்டுவைப்பதில்லை.

இவை நம் காலத்துப் புது நோய்கள் என்று நினைக்க வேண்டாம். 1689-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன், உடலை உருக்கும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். காசநோயோ காய்ச்சலோ இல்லாமல், மன வருத்தத்தினாலேயே உணவை வெறுத்து மெலிந்த இருவரை அவர் அதில் வருணிக்கிறார். ஒருத்தி 18 வயதுப் பெண்; மருந்துகளில் சலிப்புற்று அவற்றை நிறுத்திவிட்டாள்; சில மாதங்களில் இறந்தாள். மற்றவன் 16 வயதுச் சிறுவன். அவனுக்கு மருந்துகள் பலனளிக்காமற் போகவே, படிப்பை நிறுத்திவிட்டு நாட்டுப்புறக் காற்றில் குதிரையேற்றம் செய்து, பாலுணவு உண்டு வாழுமாறு மார்ட்டன் கூறினார். அவன் பெருமளவு தேறினான். மருந்தா, வாழ்க்கை மாற்றமா என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

1873-இல் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்லஸ் லாசேக் ஆகிய இரு மருத்துவர்களும் ஒருவரையொருவர் சாராமல் இந்நோயை விளக்கினர். அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயர் கல் வைத்தது. 'நரம்புவழிப் பசியின்மை' என்பது அதன் பொருள். உண்மையில் இப்பெயர் அவ்வளவு பொருத்தமானதன்று. நோயாளிக்குப் பசி இல்லாமல் இல்லை. பசியோடு அவர் ஓயாது போராடுகிறார்.

இருவரும் மனத்தைச் சுட்டிக்காட்டிய பிறகும் மருத்துவ உலகம் ஒருமுறை வழி தவறியது. 1914-இல் ஹாம்பர்க் நகரத்து மோரிஸ் சிம்மண்ட்ஸ், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அழிந்ததால் உடல் மெலிந்து இறந்தவர்களைப் பற்றி எழுதினார். அதைப் படித்த மருத்துவர் பலர், இளம் பெண்களின் மெலிவுக்கும் அச்சுரப்பியே காரணம் என்று முடிவு கட்டினர்; சுரப்பிச் சாறுகளை ஊசி மூலம் ஏற்றினர். இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது தெளிவாவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விளைவுகள் ஒன்றுபோல் தோன்றினால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியதால் வந்த பிழை இது. இதே பிழை வேறொரு வடிவில் மீண்டும் வருவதைப் பின்னர்க் காண்போம்.

பட்டினி கற்பித்த பாடம்

நோயாளியின் வாட்டம், எரிச்சல், உணவைப் பற்றிய ஓயாத நினைவு ஆகியவை மெலிவுக்குக் காரணமா, அல்லது மெலிவின் விளைவா? இதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு உணவூட்டுவது என்று அறிய அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். மனச்சான்றின் பேரில் போர்ப்பணியை மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தனர். அனைவரும் உடலும் உள்ளமும் நலமானவர்கள் என்று சோதித்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். 1945-இல் 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே அளிக்கப்பட்டது. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது.

உள்ளத்தில் ஏற்பட்ட மாற்றம் ஆய்வாளர்களை வியக்க வைத்தது. கலகலப்பாக இருந்தவர்கள் ஒதுங்கினர். சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. உணவைத் தவிர வேறு பேச்சே இல்லை. சமையல் நூல்களைச் சேர்க்கத் தொடங்கினர் சிலர். பிறகு தாராளமாக உணவு கிடைத்தபோது சிலர் அளவு மீறி உண்டு, நிறுத்த இயலாமல் தவித்தனர். இவர்களுக்கு எடையைப் பற்றிய அச்சம் கிடையாது. முன்பு மனநோயும் கிடையாது. ஆகவே, உண்ணல் கோளாறு உடையவரிடம் நாம் காணும் மனக் குறிகளில் ஒரு பகுதி பட்டினியின் நேரடி விளைவே என்பது விளங்கிற்று.

என் மாணவியிடம் நான் சொன்ன சொல்லை இங்கு நினைத்துக்கொள்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடு என்பது சரியான அறிவுரைதான். ஆனால் அந்த நோயாளியால் செய்ய முடியாத ஒன்றும் அதுவேதான்.

மருந்து வந்த வழி

இனி மருந்தின் கதைக்கு வருவோம். மனச்சோர்வு நீக்கி மருந்துகள் எவரும் திட்டமிட்டுக் கண்டுபிடித்தவை அல்ல. 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, அவர்களுடைய மனநிலையும் உற்சாகமடைவதைக் கண்டனர். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர், வேறு மனநோய்க்காகத் தரப்பட்ட இமிப்ரமின் என்னும் சேர்மம் மனச்சோர்வை நீக்குவதாக 1957-இல் அறிவித்தார்.

நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. இடையில் மிகச் சிறிய இடைவெளி உண்டு. செரோட்டோனின், நார் அட்ரினலின் போன்ற வேதிப் பொருள்கள் அவ்விடைவெளியைக் கடந்து செய்தியை எடுத்துச் செல்கின்றன. வேலை முடிந்ததும் அனுப்பிய செல்லே அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இமிப்ரமின் இந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. எனவே தூதுப் பொருள் இடைவெளியில் கூடுதலான நேரம் தங்குகிறது.

புது நோய், புதுச் சிகிச்சை

1979-இல் லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் தாம் கண்ட 30 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். புலிமியா நெர்வோசா என்ற பெயர் அக்கட்டுரையில்தான் பிறந்தது. இந்நோயைக் குணப்படுத்துவது மிகக் கடினம் என்றே அவர் கருதினார்.

இரண்டே ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டிலிருந்து நம்பிக்கையூட்டும் செய்தி வந்தது. அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் மனச்சோர்வுக்காக வகுத்திருந்த அறிதல்-நடத்தைச் சிகிச்சையை, கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்பவர் புலிமியாவுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்து, 11 நோயாளிகளிடம் பயன்படுத்தி 1981-இல் வெளியிட்டார். பெரும்பாலோர் நன்கு தேறியிருந்தனர்.

இச்சிகிச்சை வெறும் ஆறுதல் பேச்சன்று. நோய் ஒரு சுழல் என்பது இதன் அடிப்படை. எடையைப் பற்றிய அச்சம் கடும் உணவுக் கட்டுப்பாட்டுக்கு இட்டுச் செல்கிறது. கட்டுப்பாடு பசியை மூட்டுகிறது. பசி அளவு மீறிய உண்ணலில் முடிகிறது. அதனால் வரும் குற்ற உணர்வு மேலும் கடுமையான கட்டுப்பாட்டைக் கொண்டுவருகிறது. மின்னசோட்டா இளைஞர்களிடம் கண்ட உண்மை இங்கே பயன்படுவதைக் கவனியுங்கள். நோயாளி தாம் உண்பதையும் அப்போதைய எண்ணங்களையும் நாள்தோறும் குறித்து வருகிறார். மூன்று வேளையும் தவறாமல் உண்ணப் பழகுகிறார். 'மெலிந்திருந்தால்தான் எனக்கு மதிப்பு' என்பது போன்ற எண்ணங்கள் உண்மைதானா என்று சிகிச்சையாளருடன் சேர்ந்து ஆராய்கிறார். சுழலை ஓரிடத்தில் அறுத்தால் முழுவதும் தளரும் என்பது எதிர்பார்ப்பு.

மருந்து வேலை செய்தது. ஆனால் எதை நிரூபித்தது?

அதே காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடுத்த மக்லீன் மருத்துவமனையில் ஹாரிசன் போப், ஜேம்ஸ் ஹட்சன் முதலியோர் வேறு வழியில் சிந்தித்தனர். புலிமியா நோயாளிகள் பலருக்கு மனச்சோர்வும் இருந்தது. அவர்களது குடும்பங்களிலும் இருந்தது. அப்படியானால் மனச்சோர்வு நீக்கி மருந்து கொடுத்தால் என்ன? இமிப்ரமினைக் கொண்டு அவர்கள் நடத்திய சோதனை 1983-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு மருந்து. மற்றவர்களுக்கு அதே போன்ற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. நம்பிக்கையின் விளைவை மருந்தின் விளைவிலிருந்து பிரிக்கும் முறை இது. மருந்து பெற்றவர்களிடம் அளவு மீறிய உண்ணல் வெகுவாகக் குறைந்தது.

இதிலிருந்து, புலிமியா என்பது மனச்சோர்வின் மறு உருவமே என்ற கருத்துப் பரவியது. வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். தைலம் தடவினால் தலைவலி குறைகிறது. அதனால் உடலில் தைலம் குறைந்துபோனதே தலைவலிக்குக் காரணம் என்று யாராவது சொல்வோமா? ஒரு மருந்து வேலை செய்வது ஓர் உண்மை; நோயின் காரணம் என்ன என்பது வேறோர் உண்மை. 1986-இல் மனச்சோர்வே இல்லாத புலிமியா நோயாளிகளுக்கு டெசிப்ரமின் என்ற மருந்து கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்கும் அது பலனளித்தது. மனச்சோர்வைப் போக்குவதன் மூலம்தான் மருந்து வேலை செய்கிறது என்ற எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது.

நான்கு குழுக்கள்

மருந்து வெற்று மாத்திரையை வெல்கிறது என்பது சரி. பேச்சுச் சிகிச்சையை வெல்லுமா? ஊசலின் விதியை நினைவிற்கொண்டு, மின்னசோட்டாவில் ஜேம்ஸ் மிட்செல் குழுவினர் அமைத்த சோதனையைப் பாருங்கள். 1990-இல் வெளியான அச்சோதனையில் 171 பெண்கள் பங்கு கொண்டனர். அவர்களை நான்காகப் பிரித்தனர்: இமிப்ரமின் மட்டும், வெற்று மாத்திரை மட்டும், குழுப் பேச்சுச் சிகிச்சையுடன் இமிப்ரமின், குழுப் பேச்சுச் சிகிச்சையுடன் வெற்று மாத்திரை. எந்த இரு குழுக்களை ஒப்பிட்டால் எந்த ஒரு காரணி மட்டும் மாறுகிறது என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம்.

முடிவு தெளிவாக இருந்தது. மூன்று சிகிச்சைகளுமே வெற்று மாத்திரையைவிட மேல். ஆனால் பேச்சுச் சிகிச்சை தனித்த மருந்தைவிடச் சிறந்தது. பேச்சுச் சிகிச்சையுடன் மருந்தைச் சேர்த்தபோது உண்ணும் பழக்கத்தில் கூடுதல் முன்னேற்றம் இல்லை. மனச்சோர்வும் பதற்றமும் மட்டும் மேலும் குறைந்தன.

1992-இல் ஃபுளுஆக்சிட்டின் என்ற புதிய மருந்தின் பெருஞ் சோதனை வெளியாயிற்று. செரோட்டோனின் உறிஞ்சலை மட்டும் குறிப்பாகத் தடுப்பது இது. 387 பெண்களிடம் 8 வாரங்கள் நடந்த இச்சோதனையில், மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் 20 மில்லிகிராம் அளவைவிட 60 மில்லிகிராம் அளவே நன்கு பலனளித்தது. 1990-களின் நடுவில் அமெரிக்க அரசு இம்மருந்தைப் புலிமியாவுக்கு அங்கீகரித்தது. 1997-இல் நியூயார்க்கில் திமதி வால்ஷ் குழுவினர் 120 பெண்களிடம் நடத்திய ஆய்வில், அறிதல்-நடத்தைச் சிகிச்சை பொதுவான ஆதரவுப் பேச்சைவிடச் சிறந்தது என்பதும், அதனுடன் மருந்து சேரும்போது ஓரளவு கூடுதல் பலன் உண்டு என்பதும் தெரிந்தன. மருந்து பற்றி இதில் கிடைத்த விடை மிட்செல் குழுவின் விடையுடன் முற்றிலும் ஒத்துப்போகவில்லை. மனிதர்களிடம் செய்யும் சோதனைகள் ஊசலைப் போல் ஒவ்வொரு முறையும் ஒரே விடையைத் தருவதில்லை.

பேச்சுச் சிகிச்சையையும் மிகைப்படுத்திக் கூறக் கூடாது. 2000-இல் வெளியான 220 பேர் கொண்ட ஆய்வில், அறிதல்-நடத்தைச் சிகிச்சையை முழுமையாக முடித்தவர்களில் 45 சதவீதத்தினரே சிகிச்சை முடிவில் நோயிலிருந்து மீண்டிருந்தனர். எஞ்சியவர்களுக்கு வேறு வழிகளும் தேவை.

ஓர் எச்சரிக்கை

எல்லா மனச்சோர்வு நீக்கிகளும் ஒன்றல்ல என்பதை ஒரு கசப்பான நிகழ்ச்சி காட்டியது. புப்ரோப்பியான் என்ற மருந்து 1985-இன் இறுதியில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. புலிமியா நோயாளிகளிடம் அதனைச் சோதித்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 4 பேருக்கு வலிப்பு வந்தது. 1986-இல் மருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. 1989-இல் அளவுக் கட்டுப்பாடுகளுடன் திரும்ப வந்தபோது, உண்ணல் கோளாறு உடையவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது.

இந்நோயாளிகளிடம் மருந்துகளை ஏன் இவ்வளவு கவனத்துடன் கையாள வேண்டும் என்பதற்கு இயற்பியல் ஒரு காரணம் சொல்கிறது. ஓய்விலுள்ள நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கிறது. செல்லின் உள்ளே மிகுந்தும் வெளியே குறைந்தும் இருக்கும் பொட்டாசிய அயனிகளே இதற்குப் பெரிதும் காரணம். அடிக்கடி வாந்தி எடுப்பவரின் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்துவிடுகிறது. அயனிகளின் சமநிலை குலைகிறது. நரம்புக்கும் இதயத் தசைக்கும் இம்மின்னழுத்தமே உயிர்நாடி. பார்வைக்கு நலமாகத் தோன்றும் புலிமியா நோயாளியும் இதயத் துடிப்புச் சீர்கேட்டால் திடீரென இறக்கக் கூடும். இவர்களுக்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம் என்று மருத்துவர்கள் கூறுவது இதனால்தான்.

பட்டினி உடலில் மருந்து

புலிமியாவுக்குப் பயன்பட்ட மருந்து அனோரெக்சியாவுக்கும் பயன்படும் என்று பலர் நம்பினர். 2006-இல் இந்நம்பிக்கை ஒரு கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. நியூயார்க்கிலும் டொரன்டோவிலும், மருத்துவமனையில் எடை மீண்ட 93 அனோரெக்சியா நோயாளிகள் அனைவருக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை தரப்பட்டது. பாதிப் பேருக்கு உடன் ஃபுளுஆக்சிட்டின். மற்றவர்க்கு வெற்று மாத்திரை. ஓராண்டு முடிவில் இரு தரப்பினருக்கும் வேறுபாடு இல்லை. மெலிந்த நிலையிலேயே மருந்து தந்த முந்தைய சோதனைகளும் ஏமாற்றத்தையே தந்திருந்தன.

மெலிந்த நிலையில் மருந்து ஏன் பயன்படவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் கூறப்படுகிறது. உடல் செரோட்டோனினை டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்துகொள்கிறது. டிரிப்டோபேனை உடலால் ஆக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே வர வேண்டும். உணவு குறைந்தால் மூலப் பொருள் குறைகிறது. வாய்க்காலில் தண்ணீரே வராதபோது மடையை அடைத்து என்ன பயன்? பட்டினி உடலுக்கு முதல் மருந்து உணவுதான்.

அனோரெக்சியா உற்ற இளையோருக்கு நம்பிக்கை தந்தது வேறொன்று. 1987-இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழுவினர் 80 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், இளவயதில் தொடங்கி மூன்றாண்டுக்குட்பட்ட நோய்க்குக் குடும்பச் சிகிச்சை தனிநபர் சிகிச்சையைவிடச் சிறந்தது எனக் கண்டனர். பெற்றோரைக் குற்றவாளிகளாக ஒதுக்காமல், பிள்ளைக்கு உணவூட்டும் பொறுப்பில் அவர்களையே துணையாக்கும் முறை இதிலிருந்தே வளர்ந்தது. மனநோய்களில் மிகுந்த உயிர்ச்சேதம் விளைவிப்பவற்றுள் அனோரெக்சியாவும் ஒன்று. ஆகவே சரியான சிகிச்சையைத் தொடக்கத்திலேயே தேர்வது உயிர் காக்கும் செயல்.

மாணவிக்கு என் விடை

பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பரிந்துரை, உண்ணல் கோளாறு எதற்கும் மருந்தை மட்டுமே தனிச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. மருந்துக்கு இடமில்லை என்பது இதன் பொருளன்று. புலிமியாவில் அது துணை நிற்கும். பேச்சுச் சிகிச்சை கிடைக்காத இடத்திலும், அது பலிக்காத போதும் கைகொடுக்கும். உடன் வரும் மனச்சோர்வைத் தணிக்கும். ஆனால் இளையோர் சிலரிடம் இம்மருந்துகள் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக் கூடும் என்று 2004-இல் அமெரிக்க அரசு எச்சரித்தது. எனவே மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. தாமாகத் தொடங்குவதும் தவறு, தாமாகத் திடீரென நிறுத்துவதும் தவறு.

அந்த மாணவி இன்று வந்து கேட்டால் இவ்வாறு சொல்வேன்: "அம்மா, மாத்திரையும் பேச்சும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மாத்திரை சுழலின் வேகத்தைக் குறைக்கலாம். சுழலை எங்கே அறுப்பது என்று கற்றுக்கொள்வது பேச்சில். மாத்திரையை நிறுத்திய பிறகும் அந்தக் கல்வி உன்னிடம் இருக்கும். உனக்கு எது, எவ்வளவு என்பதை உன் மருத்துவர் சொல்வார். ஏன் என்று அவரிடம் தயங்காமல் கேள்."

இதைப் படிக்கும் உங்களுக்கோ, உங்கள் வீட்டிலோ விடுதியிலோ உள்ள ஒருவருக்கோ இத்தகைய தொல்லை இருக்கலாம். அதனைப் பிடிவாதம் என்றோ அழகுப் பித்து என்றோ எண்ணிக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்தப் பிழையை நான் செய்திருக்கிறேன். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையைத் தமிழிலேயே இலவசமாகத் தொடர்பு கொள்ளலாம். கூடவே ஒரு துணையாக நீங்களும் சென்றால் நல்லது.